புரதம் முதலில் வந்தால்

1844 செப்டம்பர். விடுமுறைக்குச் சென்றிருந்த லண்டன் மளிகை வியாபாரி ஒருவர் நிலத்தடிக் குகை ஒன்றிலிருந்து தாவி மேலேறினார். மார்புக்குள் ஏதோ முறிந்ததுபோல் இருந்தது. வலியில் சிறிது நேரம் அசையவே முடியவில்லை. அவர் பெயர் தாமஸ் அலெக்சாண்டர் மக்பீன், வயது நாற்பதுகளின் நடுவில். வலி போவதும் வருவதுமாக ஓராண்டு கழிந்தது. உடம்பு தளர்ந்தது. சிறுநீர் பட்ட உள்ளாடை கஞ்சி போட்டதுபோல் விறைத்தது. அவரைப் பார்த்த மருத்துவர்கள் அந்தச் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவ வேதியியலாளருக்கு அனுப்பினார்கள். அதில் அமிலம் சேர்த்தபோது படிந்த பொருள் சூடாக்கினால் கரைந்தது, ஆறினால் மறுபடி படிந்தது. அப்படி நடந்துகொள்ளும் புரதத்தை அதுவரை யாரும் விவரித்ததில்லை. 1846 ஜனவரி 1 அன்று மக்பீன் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய எலும்புகள் கத்தியால் எளிதில் வெட்டும்படி மென்மையாகிக் கிடந்தன. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவைப் பற்றிய விரிவான ஆரம்பப் பதிவுகளில் ஒன்று அது.

மக்பீனின் கதையில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். வலி முதலில் வந்தது. தளர்ச்சி அடுத்து. புரதம் கண்ணில் பட்டது கடைசியில், சாவுக்குச் சில வாரங்கள் முன்பு. இன்று ஆயிரக்கணக்கானோர் இதே கதையைப் பின்னாலிருந்து வாழ்கிறார்கள். அவர்களுக்குப் புரதம் முதலில் வருகிறது. வலி இல்லை, தளர்ச்சி இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு எண். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு வலியையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தபடி ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு ஒரு கருவி காரணம். ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஆர்னே டிசெலியஸ், ரத்தத்தின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு வேகத்தின்படி பிரிக்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் கருவியை 1937இல் மேம்படுத்தி வெளியிட்டார். 1948இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர் வரைந்த கோட்டில் ஆல்புமின் உயரமான சிகரமாக நிற்கும். மறுகோடியில் காமா குளோபுலின்கள், அதாவது நம் எதிர்ப்புரதங்கள், அகன்று தாழ்ந்த மேடாக இருக்கும். மேடு அகன்றிருப்பதற்குக் காரணம் உண்டு. மஜ்ஜையில் வாழும் பிளாஸ்மா செல்களில் எண்ணற்ற குலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குலமும் தனக்கே உரிய ஒரு எதிர்ப்புரதத்தைச் சுரக்கிறது. ஒவ்வொன்றின் வேகமும் சிறிது மாறுபடுவதால் எல்லாம் கலந்து பரந்த மேடாகத் தெரிகின்றன. ஒரே ஒரு குலம் மட்டும் பெருகிவிட்டால் அதன் புரதம் முழுக்க ஒரே இடத்தில் குவிந்து, அந்த மேட்டின்மேல் ஒடுங்கிய கூர்முனை எழும்பும். மைலோமா நோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் கூர்முனை 1939இலேயே காட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பெயர் எம் புரதம்.

கருவி பரவியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. எந்த நோயும் இல்லாதவர்களின் ரத்தத்திலும் கூர்முனை தென்பட்டது. ஸ்வீடனின் யான் வால்டன்ஸ்ட்ரோம் இதைத் தீங்கற்ற நிலை என்று கருதினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் கைல் என்ற மருத்துவர் அதோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட 241 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். பெரும்பாலோர் அப்படியே இருந்தார்கள். சிலருக்கு மைலோமா வந்தது. யாருக்கு வரும் என்று தொடக்கத்திலேயே சொல்ல முடியவில்லை. எனவே 1978இல் அவர் இதற்கு ‘பொருள் இன்னும் தெளிவாகாத ஒற்றைப்புரத நிலை’ என்ற கருத்தில் ஒரு பெயரிட்டார். அதன் ஆங்கில முதலெழுத்துகளான எம்.ஜி.யு.எஸ். என்பதுதான் இன்று எல்லா மருத்துவமனைக் குறிப்புகளிலும் இருக்கிறது.

இது அரிய நோய் அல்ல. மினசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் 50 வயதுக்கு மேற்பட்ட 21,463 பேரின் ரத்தத்தைப் பார்த்து கைல் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும், 70ஐக் கடந்தவர்களில் 5.3 சதவீதத்தினருக்கும் இது இருந்தது. பெரும்பாலோருக்குத் தெரியாது. வேறு ஏதோ காரணத்துக்காக, இ.எஸ்.ஆர். கூடுதலாக இருக்கிறது என்றோ, முழு உடல் செக்கப்பில் குளோபுலின் அதிகம் என்றோ பார்க்கப் போய்த்தான் அகப்படும்.

மருத்துவர் சொல்வது பொதுவாக இவ்வளவுதான்: “இப்போ இதுக்கு மருந்து எதுவும் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.” மருத்துவ ரீதியில் சரியான பேச்சு. ஆனால் அந்த ஆறு மாதத்தை எப்படி வாழ்வது என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் இருக்கிறார், வயது 64. மூன்று மாதம் முன்பு எம்.ஜி.யு.எஸ். என்று தெரிந்தது. ஒருநாள் காலை எழுந்ததும் நடுமுதுகில் ஒரு வலி. முன்பெல்லாம் இப்படி வலித்திருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார். இப்போது அப்படிப் போக முடியவில்லை. மைலோமா முதுகெலும்பைத் தாக்கும் என்று படித்திருக்கிறார். மகனிடம் சொன்னால், “வயசானா முதுகு வலிக்கத்தாம்மா செய்யும். நீங்க அதையே நினைச்சிட்டு இருக்கீங்க” என்கிறான். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அவருடைய கேள்விக்கு அது பதில் இல்லை. இந்த வலி அந்தப் புரதத்தின் வலியா என்பதுதான் அவர் கேள்வி. அது அறிவுள்ள கேள்வி, விடை தேடத்தக்க கேள்வி. பயந்த சுபாவம் என்று சொல்லி ஒதுக்கத்தக்கதல்ல.

முதலில், வலி ஏன் இவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் சிலரை டிரெட்மில்லில் நடக்கவைத்தார். ஒரு பகுதியினருக்கு ஹெட்ஃபோனில் அவர்களுடைய மூச்சொலியே கேட்டது. வேறு பகுதியினருக்குத் தெருவோசை. உழைப்பு இருவருக்கும் ஒன்றே. ஆனால் தம் மூச்சைக் கேட்டவர்கள்தான் அதிகக் களைப்பையும் உடல் தொந்தரவுகளையும் சொன்னார்கள். திரைப்படம் பார்ப்பவர்கள் சலிப்பூட்டும் காட்சிகளில்தான் அதிகம் இருமுகிறார்கள் என்றும் அவர் கண்டார். உடம்பு எப்போதும் சின்னச்சின்னச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் எது நினைவில் ஏறும் என்பதைக் கவனம் தீர்மானிக்கிறது. நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்து ஆசிரியையின் கவனம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. அவர் வலியைக் கற்பனை செய்யவில்லை. முன்பு கவனியாமல் விட்டதை இப்போது கவனிக்கிறார், அவ்வளவே. ‘மனசுதான் காரணம்’ என்று யாராவது அவரிடம் சொன்னால் அது அறிவியல்படியும் தவறு, மனிதத்தன்மைப்படியும் தவறு.

இனி வலியின் பொருளுக்கு வருவோம். இதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும். பொறுமையோடு கூட வாருங்கள், இந்த நிலையோடு வாழ்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு எனக்குத் தெரியாது.

எம்.ஜி.யு.எஸ். உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதத்தினருக்கு அது மைலோமாவாகவோ அதன் உறவு நோய்களாகவோ மாறுகிறது. 10,000 பேரை எடுத்துக்கொண்டால் ஓராண்டில் 100 பேர். அந்த 100 பேருக்கும் மைலோமாவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். மேயோவில் மைலோமா கண்டறியப்பட்ட 1,027 பேரைப் பற்றிய 2003ஆம் ஆண்டு ஆய்வில், 58 சதவீதத்தினருக்கு எலும்பு வலி இருந்தது. ஆக, 58 பேருக்கு நோயால் வலி. மிச்சம் 9,900 பேருக்கு நோய் முற்றவில்லை. ஆனால் அவர்களுக்கும் முதுகு இருக்கிறது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த ஆண்டில் சில வாரம் நீடிக்கும் முதுகுவலி வரும் என்று, கணக்குக்காக, வைத்துக்கொள்வோம். அது 1,980 பேர். ஆக மொத்தம் முதுகுவலியோடு மருத்துவர் முன் வந்து உட்காரும் 2,038 பேரில் 58 பேருக்குத்தான் அது மைலோமா. நூற்றுக்கு மூன்றுக்கும் சற்றுக் குறைவு.

இந்த எண் இரண்டு செய்தி சொல்கிறது. வலி வருமுன் 1 ஆக இருந்த வாய்ப்பு, வலி வந்ததும் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருக்கிறது. ஆகவே ஆசிரியையின் கலக்கம் ஆதாரமற்றதல்ல. அதே நேரம், நூற்றில் 97 பேருக்கு அந்த வலி வேறு எதனாலோ வந்தது. உண்மையில் 3 என்பதே சற்று மிகைதான்: அந்த 58 சதவீதம், பெரும்பாலும் தொந்தரவு வந்த பிறகே கண்டறியப்பட்டவர்களின் கணக்கு. முறையாகப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் நோய் பல சமயம் எலும்பை எட்டுமுன்பே பிடிபட்டுவிடும்.

ஆனால் ‘எம்.ஜி.யு.எஸ். உள்ளவர்’ என்று பொதுவாக ஒருவர் கிடையாது. 2005இல் வந்த ஒரு பகுப்பாய்வு மூன்று கேள்விகளை முன்வைத்தது. எம் புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா? எதிர்ப்புரத வகைகளில் அது ஐ.ஜி.ஜி. அல்லாததா? எதிர்ப்புரதத்தின் துண்டுகளான கப்பா, லாம்டா என்ற இரண்டு லேசுச் சங்கிலிகளின் விகிதம் இயல்பு தவறியிருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், 20 ஆண்டில் நோய் முற்றும் வாய்ப்பு 5 சதவீதம். மூன்றும் ‘ஆம்’ என்றால் 58 சதவீதம். நம் ஆசிரியையின் புரதம் 0.8 கிராம், ஐ.ஜி.ஜி. வகை, விகிதம் இயல்பு என்றால் அவர் முதல் கூட்டம். ஆண்டு வாய்ப்பு கால் சதவீதம். அதே கணக்கை மறுபடி போட்டால், முதுகுவலியோடு வரும் சுமார் 2,010 பேரில் 15 பேருக்குத்தான் மைலோமா. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றும் ‘ஆம்’ உள்ளவருக்கு ஆண்டு வாய்ப்பு ஏறக்குறைய 4 சதவீதம். அவருக்கு அதே வலி வந்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. ஒரே வலி, ஒரே இடம். முன்னவர் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம், பின்னவர் உடனே போக வேண்டும். இந்த மூன்று எண்களையும் நோயாளியிடம் விளக்காமல் “ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்புவது பாதி மருத்துவம் என்றே நான் கருதுகிறேன். கவலையை அளந்துகொள்ள வேண்டிய அளவுகோல் மருத்துவரின் கோப்பில் இருக்கிறது, கவலைப்படுபவரிடம் இல்லை.

வலியின் இயல்பும் பேசும். மைலோமா செல்கள் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பைக் கட்டும் செல்களை அடக்கிவைக்கின்றன. கரைப்பு நிற்காமல் நடப்பதால் அந்த வலி வாரங்கள் கடந்தும் தணியாது, ஏறும், அசைந்தால் கூடும், பெரும்பாலும் முதுகெலும்பிலும் விலாவிலும் இருக்கும். விரல் மூட்டில் வந்து போகும் வலியும், நாளுக்கொரு இடமாக மாறும் குத்தலும் இந்த நோயின் போக்கோடு பொருந்தாதவை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவேண்டுமானால் எலும்பின் தாதுவில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். “எக்ஸ்ரே நல்லா இருக்கு” என்பது, வலி தொடரும்போது, முடிவான பதில் அல்ல. குறைந்த கதிர்வீச்சு சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படும்.

மற்றத் தொந்தரவுகளில் பலவற்றுக்கு விடை ஒரு குழாய் ரத்தத்திலேயே இருக்கிறது. களைப்பு என்றால் ஹீமோகுளோபின். காரணமில்லாத தாகமும் மலச்சிக்கலும் குழப்பமும் சேர்ந்து வந்தால் கால்சியம். சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின். மூன்றும் பழையபடியே இருக்கின்றன, எம் புரதமும் அசையவில்லை என்றால், ஆசிரியையின் 100இல் ஒன்றும் மளமளவென்று இறங்கிவிடும்.

“அப்படியானால் ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று இங்கேயே முடித்துவிட முடியாது. இந்தத் துறை அண்மைக்காலத்தில் கற்ற பாடம் அதற்கு எதிரானது. புற்றுநோயாக மாறாமலேயே இந்தப் புரதம் சிலருக்குத் தீங்கு செய்கிறது. சிறிய அளவில் இருந்துகொண்டே சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுப்பதை 2012இல் தனி வகையாகவே பிரித்தார்கள். ஐ.ஜி.எம். வகைப் புரதம் சிலருக்கு நரம்புறையைத் தாக்கி இரண்டு பாதங்களையும் மரத்துப்போகச் செய்கிறது. லேசுச் சங்கிலிகள் மடிப்புத் தவறி இதயத்திலும் சிறுநீரகத்திலும் நாக்கிலும் படிந்தால் அது அமிலாய்டோசிஸ். அது மெல்ல வரும், பல உறுப்புகளில் வரும். கால் வீக்கத்துக்கு ஒரு மருத்துவர், மூச்சிரைப்புக்கு ஒருவர், மரமரப்புக்கு ஒருவர் என்று நோயாளி பிரிந்து அலையும்போது காலம் கடந்துவிடுகிறது. எனவே நாள்கணக்கில் மறையாமல் சிறுநீரில் நுரை, இரு காலிலும் வீக்கம், படி ஏறினால் புதிதாக மூச்சிரைப்பு, நாக்கு தடித்தல், அடிபடாமலே கண்ணிமையைச் சுற்றிக் கருநீலம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் “எனக்கு எம்.ஜி.யு.எஸ். இருக்கு” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றே மருத்துவமனை. தண்டுவடம் அழுத்தப்படும்போது மணிக்கணக்கு முக்கியம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு, அதைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. எல்லாத் தொந்தரவையும் இந்தப் புரதத்தின் கணக்கில் எழுதினால் உண்மையான காரணம் தப்பிவிடும். கைல் குழு 1,384 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் தந்த கணக்கில், 147 பேருக்குத்தான் நோய் முற்றியது. மிச்சப் பேரில் பெரும்பாலோர் இதயநோய், பக்கவாதம், பிற புற்றுநோய் என மற்ற முதியோரைப் போலவே வேறு காரணங்களால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் ஒருவருக்குப் பாதம் மதமதவென்று இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை, அடுத்து பி12. களைப்புக்கு தைராய்டு. ஆசிரியையின் முதுகுக்கோ எலும்புத் தேய்வு. எம்.ஜி.யு.எஸ். உள்ளவர்களுக்கு முதுகெலும்பு முறிவு சராசரியைவிடக் கூடுதலாக வருகிறது என்பதால் எலும்பு அடர்த்தி பார்த்துவிடுவது நல்லது. அந்த வலிக்கு மெடிக்கலில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி வாரக்கணக்கில் போடுவதை மட்டும் அவர் தவிர்க்க வேண்டும். லேசுச் சங்கிலிகளை வடிகட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின்மேல் அது கூடுதல் பாரம். பாராசிட்டமால் அவ்வகையில் பாதுகாப்பானது.

ரிப்போர்ட் கையில் வரும் நாள் தனி வேதனை. போன முறை 0.8, இந்த முறை 0.9. எண் ஏறிவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே இவ்வளவு வேறுபாடு வரலாம். நோய் முன்னேறுகிறது என்று மருத்துவர்கள் எண்ணத் தொடங்குவது பழைய அளவில் கால் பங்கு கூடி, அந்தக் கூடுதல் குறைந்தது 0.5 கிராமாகவும் இருக்கும்போது. லேசுச் சங்கிலி அளவு ஒவ்வொரு கம்பெனிக் கருவியிலும் ஒவ்வொரு மாதிரி வரும் என்பதால் ஒரே லேபில் தொடர்ந்து எடுப்பது நல்லது. சிறுநீரகம் சற்றே மந்தமானாலும் கப்பா-லாம்டா விகிதம் தானாகவே கொஞ்சம் ஏறும்.

தெரிந்துகொள்வது நல்லதா என்ற கேள்வியையே ஒரு நாடு சோதித்துக்கொண்டிருக்கிறது. ஐஸ்லாந்தில் 40 வயதைக் கடந்த எல்லாரையும் அழைத்து, 80,000க்கும் அதிகமானோர் சம்மதித்துத் தொடங்கிய ஆய்வு அது. நாட்டில் அந்த வயதினரில் பாதிக்கு மேல். எம்.ஜி.யு.எஸ். கண்டறியப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கண்காணிப்பு, இன்னொன்றுக்குத் தீவிரக் கண்காணிப்பு, மூன்றாவது பிரிவினருக்கு அவர்களிடம் இது இருக்கிறது என்ற செய்தியே சொல்லப்படவில்லை. ஆய்வு உயிர்க்காப்பை மட்டும் அளக்கவில்லை; பதற்றம், மனச்சோர்வு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றையும் அளக்கிறது. அறிவினால் வரும் கலக்கத்தையும் சிகிச்சையின் பக்கவிளைவு போலவே எண்ணி அளக்க வேண்டும் என்று ஒரு பெரிய ஆய்வு ஏற்றுக்கொண்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் ஆசிரியைக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அவரிடம் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் வலி தொடங்கிய தேதி, இடம், கூடுகிறதா குறைகிறதா, இரவில் எழுப்புகிறதா என்பவற்றை வாரம் ஒருமுறை மட்டும் எழுதட்டும். தினமும் எழுதினால் பென்னிபேக்கரின் ஹெட்ஃபோனை அவரே மாட்டிக்கொண்டதுபோல் ஆகும். நான்கு வாரத்தில் வலி குறைந்தால் நல்லது. குறையாவிட்டால், குறிப்பாக ஏறினால், தேதிக்குக் காத்திராமல் போகட்டும். போகும்போது மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகள்: “டாக்டர், நான் எந்த ரிஸ்க் பிரிவுல இருக்கேன்? என்ன வந்தா உடனே வரணும்? இடையில சந்தேகம் வந்தா யாருக்கு ஃபோன் பண்றது?” மகனும் கூடப் போய், பதில்களை அதே நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.